‘நன்றி: இணையம்’ – கங்கைகொண்ட சோழபுரத்துப் படங்களும் கட்டற்ற உரிமமும்

ஆடித் திருவாதிரைக்கு முந்தைய வாரம். ஜெயங்கொண்டம் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் இருபதடி பிளெக்ஸ் ஒன்று கட்டியிருந்தார்கள். வரிசையாகத் தலைகள், நடுவில் வாழ்த்து, பின்னணியில் கங்கைகொண்ட சோழபுரத்து விமானம். தலைகளைத் தாண்டி விமானத்தைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது, அது நான் எடுத்த படம். ஒரு தை மாதக் காலையில் கோயிலின் வடகிழக்குப் புல்தரையில் உட்கார்ந்து எடுத்தது. கீழ்த்தளத்து மூலையில் முளைத்திருந்த அரசங்கன்று அதில் இருக்கிறது. அடுத்த முறை நான் போனபோது அந்தக் கன்றை வெட்டியிருந்தார்கள்.

ஆனாலும் பார்க்கப் பார்க்க ஏதோ இடித்தது. படத்தை இடம் வலமாகத் திருப்பிப் போட்டிருக்கிறார்கள் என்பது சற்று நேரம் கழித்துத்தான் உறைத்தது. விமானம் இடப்பக்கம், மண்டபம் வலப்பக்கம். தெற்கே நின்று பார்த்தால்தான் கோயில் இப்படித் தெரியும். அப்படியானால் விமானத்தின் அருகே நிற்கும் சண்டிகேசுவரர் சன்னிதியும் தெற்கே வந்துவிட்டது என்று அர்த்தம். எந்தச் சிவன் கோயிலிலும் அவருக்கு இடம் வடக்கே. ஆயிரம் ஆண்டாக அங்கே இருந்தவரை ஒரு பிளெக்ஸ் தெற்கே குடிவைத்துவிட்டது.

அச்சடித்த கடையை விசாரித்துப் போனேன். கோபமாகத்தான் போனேன். கணினி முன்னால் இருந்த பையன் பதறவில்லை. “கூகுள்ல கோயில் பேரப் போட்டேண்ணே, வந்துச்சு. பேரு எதுவும் போடல. எழுத்தெல்லாம் எடப்பக்கம் வரணும்னாங்க, அதான் திருப்பிட்டேன்” என்றான். “யார் எடுத்ததுன்னு பாக்க மாட்டியா தம்பி?” என்று கேட்டேன். “யாருன்னு எங்கண்ணே பாக்குறது?” என்றான்.

அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. படத்தை முகநூலில் ஏற்றியபோது இரண்டு வரி ரசனையோடு விட்டிருந்தேன். யார் பயன்படுத்தலாம், எப்படிப் பயன்படுத்தலாம் என்று ஒரு சொல் எழுதவில்லை. அங்கிருந்து அது எத்தனையோ பக்கங்களுக்குப் போய், பெயர் உதிர்ந்து, அளவு சுருங்கி அந்தப் பையனின் திரைக்கு வந்து சேர்ந்திருக்கிறது. விழா மலர்களிலும் நினைவிதழ்களிலும் படத்துக்குக் கீழே ‘நன்றி: இணையம்’ என்று அச்சிடுகிறார்களே, அந்த நன்றியைப் பெற்றுக்கொள்ள யாரும் இல்லை. பெயரே போடாமல் விடுவது இதைவிட நேர்மை என்று எனக்குச் சில நேரம் தோன்றும்.

சட்டம் என்ன சொல்கிறது? இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் 1957-இல் வந்தது. அதன்படி ஒரு புகைப்படத்துக்கு ஆசிரியர் அதை எடுத்தவர். உரிமையைப் பதிவு செய்ய வேண்டியதில்லை, ஓரத்தில் முத்திரை போட வேண்டியதில்லை. பொத்தானை அழுத்தியதும் உரிமை பிறந்துவிடும். எடுத்தவர் வாழும் காலம் முழுவதும், அவர் இறந்த ஆண்டுக்கு அடுத்த ஆண்டு தொடங்கி 60 ஆண்டும் அது நிற்கும். அதுவரை நகலெடுக்கவோ அச்சிடவோ மாற்றவோ எடுத்தவரின் அனுமதி வேண்டும். சட்டமே தனியாக விட்டுவைத்த சில விலக்குகள் உண்டு, பிளெக்ஸ் அவற்றில் வராது. ஆக, நான் ஒன்றும் எழுதாமல் விட்டது ‘எடுத்துக்கொள்’ என்று பொருள்படாது. ‘தொடாதே’ என்றே பொருள்படும். சட்டத்தை மதிக்க நினைக்கும் பள்ளி ஆசிரியரையும் சிறுபத்திரிகைக்காரரையும் அந்த மௌனம் தடுத்து நிறுத்திவிடும், மதிக்காதவரை ஒன்றும் செய்யாது. பிளெக்ஸ் கடைப் பையனைத் திருடனாக்கியதில் என் பங்கும் உண்டு.

கோயிலுக்குப் பதிப்புரிமை கிடையாது. முதலாம் இராசேந்திரன் கட்டியதற்கு எந்தச் சட்டப்படியும் இன்று உரிமைக் கெடு மீதமில்லை. இன்று எழுப்பிய கட்டடமானாலும் அதைப் படமெடுத்து வெளியிடுவது மீறல் ஆகாது. பொதுமக்கள் போய்வரும் இடத்தில் நிலையாக வைத்த சிலைக்கும் அதே சலுகையை 52-ஆம் பிரிவு தருகிறது. தொல்லியல் துறை தன் காவலிலுள்ள நினைவுச்சின்ன வளாகங்களில் படமெடுக்க இருந்த தடையை, அஜந்தா போன்ற இரண்டு மூன்று இடங்களைத் தவிர, 2018 ஜூலையில் விலக்கிக்கொண்டது. ட்ரோனுக்குத் தனி அனுமதி வேண்டும். பூசை நடக்கும் கோயில் என்பதால் கருவறைப் பக்கம் கேமராவை நீட்டக் கூடாது, அது சட்டத்துக்கு முந்தைய மரியாதை. வெளியே சுவரும் சிற்பமும் வானமும் யார் கேமராவுக்கும் திறந்தே இருக்கின்றன. எடுத்தபின் நாம்தான் பூட்டிவைக்கிறோம்.

*

இந்தக் கோயிலுக்குப் படங்கள் ஏன் இத்தனை முக்கியம் என்பதற்கு ஒரு பழைய கதை இருக்கிறது. கொள்ளிடத்தின் குறுக்கே அணைக்கரையில் கீழணை கட்டியது 1836-இல். அதற்குக் கல் தேவைப்பட்டபோது கங்கைகொண்ட சோழபுரத்துத் திருச்சுற்று மதிலைப் பெயர்த்து எடுத்துப் போனார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டு விவரச் சுவடியே இதை வருத்தத்தோடு பதிந்திருக்கிறது. பாரிசில் தாகேர் தன் ஒளிப்பட முறையை உலகுக்கு அறிவித்தது 1839-இல். மூன்றே ஆண்டு இடைவெளி. மதில் முழுதாக நின்றபோது எப்படி இருந்தது, எங்கே என்ன சிற்பம் இருந்தது என்று காட்ட ஒரே ஒரு படம் கூட இருக்க வழியில்லை.

தஞ்சைக்கு அந்த அதிர்ஷ்டம் கிடைத்தது. சென்னை மாகாண அரசின் ஒளிப்படக்காரராக இருந்த கேப்டன் லின்னேயஸ் ட்ரைப் 1858-இல் பெரிய கோயில் விமானத்தின் அடித்தளக் கல்வெட்டுகளைத் துண்டு துண்டாக எடுத்து, 21 படங்களை ஒட்டி, ஏறத்தாழ 19 அடி நீள ஒரே படமாக்கினார். தென்னிந்தியக் கல்வெட்டுகள் தொகுதி தஞ்சைக் கல்வெட்டுகளை அச்சில் கொண்டுவருவதற்குப் பல ஆண்டு முந்தைய வேலை அது. ட்ரைப்பின் படங்களைச் சேர்த்துவைத்திருக்கும் நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகம், பதிப்புரிமை தீர்ந்த படைப்புகளின் படங்களை 2017 பிப்ரவரியில் சிசி-சீரோ என்ற பெயரில் முற்றாகத் திறந்துவிட்டது. முதல் வீச்சில் ஏறத்தாழ 3,75,000 படங்கள். நம் ஊர்க் கோயிலின் பழைய படத்தை நியூயார்க்கிலிருந்து கேள்விமுறை இல்லாமல் எடுத்து அச்சிடலாம். பக்கத்து ஊர்க்காரர் போன வாரம் எடுத்த படத்தை எடுக்க முடியாது. இதில் யாரைக் குறை சொல்வது?

தஞ்சையில் கல்வெட்டு பேசுகிறது. கங்கைகொண்ட சோழபுரத்தில் கட்டியவன் காலத்துக் கல்வெட்டு கோயிலில் இல்லை. இங்குள்ளவற்றில் பழையது அவன் மகன் வீரராசேந்திரன் காலத்தது. எழுத்து குறைந்த இடத்தில் சிற்பத்தைப் பார்த்தே வாதம் நடக்கிறது. வடக்கு வாசலை ஒட்டிய சண்டேச அனுக்கிரக மூர்த்தி சிற்பத்தில், குனிந்து கைகூப்பி அமர்ந்திருக்கும் அடியாரின் தலையில் சிவன் கொன்றை மாலையைச் சுற்றுகிறார். அந்த அடியார் வடிவில் சிற்பி இராசேந்திரனையே காட்டுகிறானா, இது வெற்றி முடிசூட்டா என்பது அறிஞர்கள் பேசும் கேள்வி. முகத்தை, முடியை, மாலையைச் சுற்றும் விரல்களை நெருங்கிப் பார்க்காமல் இதில் யாரும் கருத்துச் சொல்ல முடியாது. நெருங்கிப் பார்க்க எல்லோராலும் உடையார்பாளையம் வட்டத்துக்கு வந்துபோக முடியுமா? நல்ல படம் ஒன்று, பெரிய அளவில், எவரும் எடுத்துக் கட்டுரையில் போடும்படி இருந்தால் அந்த வாதத்தில் மதுரை மாணவியும் சேரலாம், யாழ்ப்பாணத்து ஆசிரியரும் சேரலாம்.

*

ஒரு படத்துக்கு என்ன விலை என்று கேட்பவர்களுக்கு இதே அரியலூர் மாவட்டத்தில் பதில் இருக்கிறது. ஸ்ரீபுரந்தான் என்ற ஊரில் ஒரு சிவன் கோயில். அங்கும் சுவாமி பெயர் பிரகதீஸ்வரர். பூசை குறைந்து, ஆள் நடமாட்டம் இல்லாமல், செப்புத் திருமேனிகளோடு பூட்டிக் கிடந்த சோழர் காலக் கோயில். 2006 வாக்கில் திருமேனிகள் களவு போயின. பாதுகாப்பு மையத்துக்கு மாற்றலாம் என்று 2008-இல் அதிகாரிகள் வந்து திறந்த பிறகுதான் விஷயமே ஊருக்குத் தெரிந்தது. அதே ஆண்டு ஆஸ்திரேலியாவின் கான்பெரா தேசியக் கலைக்கூடம் ஒரு சோழர் காலத்து நடராசரை நியூயார்க் வணிகர் சுபாஷ் கபூரிடமிருந்து 50 லட்சம் அமெரிக்க டாலருக்கு வாங்கியது. முந்தைய ஆண்டு சிங்கப்பூரின் ஆசிய நாகரிக அருங்காட்சியகம் அவரிடமே ஓர் உமாபரமேசுவரியை வாங்கியிருந்தது.

வாங்கும்போது காகிதம் கேட்கத்தான் கேட்டார்கள். பல பத்தாண்டுகளுக்கு முன்பே இந்தியாவை விட்டு வெளியேறிய சிலை என்று காட்டும் போலிக் காகிதங்கள் அவர்களுக்குக் கிடைத்தன. அவற்றை உடைத்தது ஒரு புகைப்படம். புதுச்சேரியிலுள்ள பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் 1950-களின் நடுவிலிருந்து தென்னாட்டுக் கோயில்களை ஊர் ஊராகப் படமெடுத்து வந்தது. ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட படங்கள் அங்கே அட்டைகளில் ஒட்டி, ஊர்ப் பெயர் எழுதி வைக்கப்பட்டிருக்கின்றன. 1994-இல் அவர்கள் ஸ்ரீபுரந்தான் கோயிலில் எடுத்த படத்தில் இந்த நடராசர் நின்றார். அவ்வளவுதான். 1994-இல் ஊரில் இருந்தவர் அதற்கு முன்பே நாடு கடந்திருக்க முடியாது. காவல்துறையின் சிலைத் திருட்டுத் தடுப்புப் பிரிவும், கப்பல் நிறுவனத்தில் வேலை பார்த்துக்கொண்டே சிலைகளைத் தேடிய எஸ். விஜயகுமார் போன்ற ஆர்வலர்களும், வெளிநாட்டுச் செய்தியாளர்களும் இந்தப் படங்களை அருங்காட்சியகப் படங்களோடு வைத்து ஒப்பிட்டார்கள். வார்ப்பில் விழுந்த சின்னக் குறை, திருவாசியின் தீச்சுடர் எண்ணிக்கை, பீடத்துத் தேய்மானம் என்று கைரேகை பார்ப்பதுபோலப் பார்க்கிற வேலை அது.

கபூர் 2011-இல் பிராங்பர்ட் விமான நிலையத்தில் கைதாகி மறு ஆண்டு தமிழகம் வந்தார். நடராசர் 2014 செப்டம்பரில் டெல்லியில் வைத்து இந்தியாவிடம் திரும்ப ஒப்படைக்கப்பட்டார். உமாபரமேசுவரியைத் திருப்பித் தருவதாகச் சிங்கப்பூர் 2015-இல் அறிவித்தது. 2022 நவம்பரில் கும்பகோணம் நீதிமன்றம், உடையார்பாளையம் பெருமாள் கோயில் திருட்டு வழக்கில் கபூருக்குப் பத்தாண்டு சிறை விதித்தது.

இதில் நான் கவனிப்பது ஒன்று. அந்தப் படத்தை எடுத்தவர் கலைக்காக எடுக்கவில்லை. முன்னால் நின்று, நேராக, விளக்கொளியில் எடுத்த பதிவுப் படம், போட்டிக்கு அனுப்பினால் முதல் சுற்றிலேயே தள்ளிவிடுவார்கள். ஆனால் ஊர்ப் பெயரும் ஆண்டும் அதோடு ஒட்டியிருந்தன, வழக்கில் நின்றது அதுதான். இன்னொன்றையும் கேட்காமல் இருக்க முடியவில்லை. அந்தப் படம் 2008-இல் வலையில் எவர் தேடினாலும் கிடைக்கும் நிலையில் இருந்திருந்தால்? வாங்குபவர் பார்த்திருப்பார் என்று சொல்லவில்லை, பார்க்க விரும்பாதவரை எதுவும் பார்க்கவைக்காது. ஆனால் ‘எங்களுக்குத் தெரிய வழியில்லை’ என்ற சாக்கு அவர் வாயில் இருந்திருக்காது.

இந்த வாதத்துக்கு மறுபக்கம் ஒன்று உண்டு, அதை மறைக்கக் கூடாது. திருடர்களும் படமெடுத்தார்கள். இன்ன ஊரில் இன்ன சிலை என்று படம் பார்த்துப் பேரம் பேசும் வியாபாரம் அது. ஆளில்லாத கிராமக் கோயிலின் செப்புத் திருமேனியை, செயற்கைக்கோள் ஆயத்தொலைவோடு நாமே வலையில் ஏற்றுவது பூட்டின் மேல் சாவியைத் தொங்கவிடுவதற்குச் சமம் என்று ஒரு பெரியவர் என்னிடம் வாதாடினார். அவர் பயத்தை நான் முழுதாக ஏற்கவில்லை. படமே இல்லாத சிலைதான் திருடனுக்கு மிகப் பிடித்த சிலை. ஆனாலும் காவலற்ற இடங்களில் படத்தையும் ஊர்ப் பெயரையும் மட்டும் கொடுத்து, துல்லிய இடக்குறியை நீக்கிவிட்டு ஏற்றுவது என் வழக்கமாகிவிட்டது. கங்கைகொண்ட சோழபுரத்துக் கற்சுவருக்கு இந்தக் கவலை வேண்டாம்.

*

அனுமதியை முன்கூட்டியே எழுதிவைத்துவிடுவதுதான் கட்டற்ற உரிமம். ‘கேட்காமலே எடுக்கலாம், இன்ன நிபந்தனைக்கு உட்பட்டு’ என்று உரிமையாளர் எல்லோருக்கும் ஒரே தடவையில் கொடுக்கும் சீட்டு. படைப்பாக்கப் பொதுமங்கள் என்று தமிழ் விக்கிப்பீடியர் பெயர் வைத்திருக்கும் கிரியேட்டிவ் காமன்ஸ் அமைப்பு 2001-இல் தொடங்கி, 2002 டிசம்பரில் இந்தச் சீட்டுகளின் முதல் தொகுதியை வெளியிட்டது. இன்று புழக்கத்தில் இருப்பது 2013-இல் வந்த நான்காம் பதிப்பு.

புறம்போக்கு என்று இதை நினைத்துவிடக் கூடாது. பட்டா உங்கள் பெயரிலேயே இருக்கிறது. ஊர் நடக்கப் பாதை விட்டிருக்கிறீர்கள். ‘சிசி-பை’ என்றால் நடப்பவர் உங்கள் பெயரைச் சொல்ல வேண்டும், படத்தை மாற்றினால் மாற்றியதைக் குறிப்பிட வேண்டும். அந்தப் பிளெக்ஸ் பையன் இந்த உரிமத்தின்படி நடந்திருந்தால் மூலையில் சின்ன எழுத்தில் என் பெயரும் ‘இடம் வலம் மாற்றப்பட்டது’ என்ற குறிப்பும் வந்திருக்கும், சண்டிகேசர் தப்பித்திருப்பார். ‘பை-எஸ்ஏ’ என்றால் கூடுதலாக ஒன்று: என் படத்திலிருந்து எதை உருவாக்கினாலும் அதையும் இதே உரிமத்தில் விட வேண்டும். விதைநெல் வாங்கியவர் விதைநெல்லாகவே திருப்பித் தருவதுபோல. சிசி-சீரோ என்றால் நிபந்தனையே இல்லை, முழுத் தானம்.

தமிழருக்கு இந்த எண்ணம் புதிதல்ல. பாரதியின் எழுத்துகளை 1949-இல் சென்னை அரசு தன் வசம் எடுத்து, பிறகு எல்லோருக்கும் பொதுவாக்கியது. அதற்கு முன் பாடல்களின் இசைத்தட்டு, திரைப்பட உரிமை ஏவி. மெய்யப்பச் செட்டியாரிடம் இருந்தது, அவர் அதை அரசிடம் விட்டுக்கொடுத்தார். அங்கிருந்து ‘நாட்டுடைமை’ என்ற சொல்லே நம் பதிப்புலகில் ஒரு மரபாகிவிட்டது. எழுத்தாளர் மறைந்தபின் அரசு குடும்பத்துக்குப் பணம் கொடுத்து நூல்களை விடுவிக்கிறது. கட்டற்ற உரிமம் என்பது படைப்பாளி உயிரோடு இருக்கும்போதே, அரசாணை இல்லாமல், தன் படத்தைத் தானே நாட்டுடைமை ஆக்கிக்கொள்வது. பணம் வராது என்பது மட்டும்தான் வித்தியாசம்.

இப்படி விட்ட படங்கள் சேரும் பெரிய களஞ்சியம் விக்கிமீடியா பொதுவகம். 2004 செப்டம்பரில் தொடங்கியது, இன்று அதில் பத்துக் கோடிக்கும் மேற்பட்ட கோப்புகள். கங்கைகொண்ட சோழபுரம் பற்றித் தமிழிலோ ஆங்கிலத்திலோ வேறு மொழியிலோ விக்கிப்பீடியாவில் நீங்கள் பார்க்கும் கோயில் படங்கள் அங்கிருந்து வருபவையே. யாரோ ஒரு பயணி, ஒரு கல்லூரி மாணவர், ஒரு வங்கி ஊழியர் ஞாயிற்றுக்கிழமை எடுத்து ஏற்றியவை. தமிழ் விக்கிமீடியர் 2011–12-இல் நடத்திய ஊடகப் போட்டி அப்படிப் பலரை உள்ளே இழுத்தது. நெதர்லாந்தில் 2010-இல் பிறந்த ‘விக்கி நினைவுச்சின்னங்களை விரும்புகிறது’ என்ற படப் போட்டியில் இந்தியா முதன்முதலாகச் சேர்ந்தது 2012-இல். அந்த ஆண்டு உலக அளவில் முதலிடம் பிடித்ததே டெல்லி சப்தர்ஜங் கல்லறைப் படம். அரசுத் தரப்பிலும் கதவு கொஞ்சம் திறந்திருக்கிறது. 2017-இல் மத்திய அரசு அறிவித்த திறந்த தரவு உரிமத்தின் பேரில் பத்திரிகைத் தகவல் அலுவலகப் படங்கள் பொதுவகத்துக்கு வருகின்றன. ஆனால் அமைச்சர் வந்த நாளில்தான் அந்தக் கேமராவும் வரும்.

பொதுவகம் ‘வணிகத்துக்குக் கூடாது’ என்ற நிபந்தனையோடு வரும் படத்தை ஏற்பதில்லை. இதுதான் பலருக்கு நெருடல். ‘நான் சும்மா கொடுக்கிறேன், அவன் காசு பார்ப்பானா?’ என்ற கேள்வி நியாயமானது. நானும் இரண்டு ஆண்டு அந்த நிபந்தனையைப் பிடித்துக்கொண்டிருந்தேன். விட்டதற்குக் காரணம் ஒரு சின்னப் புத்தகம். கோயில் வாசலில் இருபது ரூபாய்க்கு விற்கும் வழிகாட்டிக் கையேடு. அதை அச்சிடுபவர் பணக்காரர் இல்லை, ஆனால் விற்பதால் அது வணிகம். நாளிதழும் வணிகம், பாடநூல் போடும் தனியார் பதிப்பகமும் வணிகம். பெரிய நிறுவனத்தைத் தடுப்பதாக நினைத்து நான் தடுத்தது இவர்களைத்தான். பெரிய நிறுவனத்திடம் பணம் இருக்கிறது, அது தனக்கென்று ஆள் அனுப்பிப் படமெடுத்துக்கொள்ளும்.

படமெடுத்துப் பிழைப்பவர்களிடம் நான் இதே குரலில் பேச மாட்டேன். கல்யாண சீசன் போனால் வாடகை கட்ட யோசிக்கும் ஸ்டுடியோக்காரரிடம் எல்லாவற்றையும் கொடு என்பது அநியாயம். பத்தில் ஒன்றைக் கொடுக்கலாம். கொடுத்ததைத் திரும்ப வாங்க முடியாது என்பதையும் தெரிந்தே கொடுக்க வேண்டும். உரிமம் ஒரு முறை விட்டால் விட்டதுதான், வெட்டிவிட்ட வாய்க்கால் மாதிரி. படத்தில் வரும் மனிதர்களின் முகத்துக்கு நம் உரிமம் செல்லாது. ஐப்பசி அன்னாபிஷேகத்தில் கண்மூடி நிற்கும் ஓர் அம்மாவின் முகம் எங்கோ ஒரு மருந்து விளம்பரத்தில் வந்தால் அவருக்கு நாம் என்ன பதில் சொல்வது? அத்தகைய படங்களை நான் ஏற்றுவதில்லை.

*

ஏற்றுவதென்று முடிவுசெய்தபின் பாதி வேலை எழுத்து வேலைதான். கேமரா தரும் பெயரோடு, ‘ஐஎம்ஜி’ என்று தொடங்கும் நாலு இலக்கத்தோடு, விவரம் ஏதுமின்றி ஏற்றிய படம் காணாமல் போன படத்துக்குச் சமம். நான் முகநூலில் விட்ட அந்தப் படத்தை இப்போது பொதுவகத்தில் இப்படி ஏற்றியிருக்கிறேன்: கங்கைகொண்ட சோழபுரம் பிரகதீஸ்வரர் கோயில், விமானமும் மண்டபமும், வடகிழக்கிலிருந்து, முன்னால் சண்டிகேசுவரர் சன்னிதி, கீழ்த்தள மூலையில் அரசங்கன்று, தேதி, நேரம் காலை எட்டேகால். அரசங்கன்றை எழுதும்போது சிரிப்பு வந்தது. ஆனால் கல் இடுக்கில் வேர் எந்த ஆண்டு இறங்கியது, எந்த ஆண்டு வெட்டினார்கள் என்று நாளை ஒரு பாதுகாப்புப் பொறியாளருக்குத் தேவைப்படலாம். வாட்டர்மார்க் போடவில்லை. சிற்பத்தின் மார்பில் குறுக்கே பெயரை எழுதிக் கொடுப்பது, சாப்பாடு போட்டு இலையில் கையெழுத்துப் போடுவதுபோல. பெயர் விவரப் பக்கத்திலும் கோப்புக்குள்ளும் இருந்தால் போதும்.

எடுப்பதிலும் ஒரு பழக்கம் மாற வேண்டும். எல்லோரும் எடுப்பது மாலை வெயிலில் பொன்னாகும் விமானம். அது போதிய அளவு இருக்கிறது. வடக்குச் சுவருக்குத்தான் படம் தேவை. ஆண்டில் பெரும்பகுதி அது நிழலிலேயே இருக்கும். சித்திரை இரண்டாம் வாரத்திலிருந்து ஆவணித் தொடக்கம் வரை நண்பகல் சூரியன் இந்த ஊருக்கு வடக்கே நிற்கிறது. அந்த நாலு மாதம் அந்தச் சுவரில் வெயில் மேலிருந்து வழுக்கி இறங்கும். மற்ற நாளில் தட்டையாகத் தெரியும் புடைப்புகள் எழும்பி நிற்கும். ஊர்க்காரர்களுக்கு இது தெரியும், வெளியூரிலிருந்து டிசம்பர் விடுமுறையில் வருபவர்களுக்குத் தெரியாது. கொளுத்தும் வெயிலில் கல்தரையில் வெறுங்காலோடு நிற்க வேண்டும் என்பது இதற்கான விலை. மண்டப இருட்டிலிருக்கும் ஒரே கல்லாலான நவக்கிரகம், தரையோரத்து அடித்தள வரிகள், நீர் வெளியேறும் கோமுகம், சிம்மக் கிணற்றுச் சிங்கத்தின் பின்பக்கம் என யாரும் திரும்பிப் பார்க்காதவற்றின் பட்டியல் நீளும். பக்கத்தில் ஓர் அளவுகோலை வைத்து எடுத்தால் இன்னும் நல்லது. அழகு கெடும், கெடட்டும்.

கடைசியாக ஒரு வேண்டுகோள், அரியலூர், பெரம்பலூர்ப் பக்கத்து வாசகர்களுக்கு. உங்கள் தாத்தாவோ அத்தையோ பள்ளிச் சுற்றுலாவிலோ திருமணமான புதிதிலோ இந்தக் கோயில் முன்னால் நின்று எடுத்துக்கொண்ட படம் வீட்டு ஆல்பத்தில் இருக்கும். அவர்களுக்குப் பின்னால் தெரியும் சுவர், புதர், சரிந்த மதில், மண்மேடு ஆகியவைதான் எங்களுக்கு வேண்டும். 1958-க்கு முன் எடுத்த படமானால் உரிமம் பற்றிக் கவலையே வேண்டாம், அன்றைய சட்டப்படி அதன் பதிப்புரிமை எப்போதோ முடிந்துவிட்டது. அதற்குப் பின்னால் எடுத்த, எங்கும் வெளியாகாத படமானால் உரிமை இன்னும் இருக்கக்கூடும், நீங்கள் விடுவிக்காமல் அது வெளியே வராது. குடும்பம் காசு கொடுத்து ஸ்டுடியோக்காரரை அழைத்து எடுத்ததானால், வேறு ஒப்பந்தம் இல்லாதபட்சத்தில் உரிமை காசு கொடுத்தவருடையது என்கிறது 17-ஆம் பிரிவு. ஆகவே கையெழுத்துப் போட வேண்டியவர் உங்கள் வீட்டிலேயே இருக்கிறார். அவர் இருக்கும்போதே கேட்டுவிடுங்கள். படத்தை ஸ்கேன் செய்யும்போது பின்பக்கத்தையும் சேர்த்துச் செய்யுங்கள், தேதி அங்கேதான் எழுதியிருக்கும்.